ஒண்ணேகால் டன்



ஆடி மாசத்துல இருந்து கார்த்திகை வரைக்கும் எங்கூட்டுல ஒரே பேச்சு, வண்டிப் பேச்சுதான். சோத்துல கை வெச்சா வண்டி, பால் கறக்க உக்காந்தா வண்டி, கோயமுத்தூர்ல இருந்து பையன் போன் பண்ணினாலும் வண்டி. இப்ப வண்டி வாசல்ல நிக்குது. பொங்கலும் முடிஞ்சுது. டவுன்ல இருக்கிறவங்க கார் வாங்கறதுக்கும் நாங்க ஒரு லோடு வண்டி வாங்கறதுக்கும் என்ன வித்தியாசம்னு எழுதலாம்னு தோணுச்சு. ஆனா எதனால வாங்க வேண்டி வந்துதுங்கறத மொதல்ல சொல்லிறணும். அதச் சொல்லாம வண்டியப் பத்தி மட்டும் எழுதினா பாதிப் பொய் எழுதின மாதிரி.

எங்கூரு மூலனூருக்கும் கள்ளிமந்தையத்துக்கும் நடுவுல இருக்கு. மானமும் கெணறும் சேர்ந்து காப்பாத்துற பூமி. நாலரை ஏக்கர். முருங்கை ஒண்ணரை ஏக்கர், மீதில சின்ன வெங்காயம், தக்காளி, சோளத்தட்டு மாத்தி மாத்தி. மேக்காட்டுல 60 தென்னம்பிள்ளை இப்பத்தான் வெச்சிருக்கேன். முருங்கை மூலனூருக்குப் போகும், தக்காளி ஒட்டன்சத்திரம் போகும், வெங்காயம் நல்லாருந்தா திண்டுக்கல் போகும். ஆக, வண்டி இல்லாம ஒரு நாளும் நகராது.

எங்கிட்ட இருந்தது முக்கால் டன் வண்டி. 2012-ல வாங்கினது. எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா தப்பு வண்டி மேல இல்ல, என் மேல. 13 வருஷம் நாய் மாதிரி உழைச்சுது. முக்கால் டன் வண்டில ஒரு டன், ஒண்ணேகால் டன்னுன்னு ஏத்துவேன். "ஒரு நட தானே"ன்னு மனசு சொல்லும். ஒவ்வொரு நடையும் ஒரு நடதான்.

2025 ஆனி கடைசில ஒர்க்ஷாப்புத் தம்பி சொன்னான்: "அண்ணா, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கசியுது. மாத்திருங்க. ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும்." வெங்காயம் புடுங்கி முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டு, பிரேக் ஆயில் ஒரு டப்பா வாங்கி டேஷ்போர்டுல வெச்சுக்கிட்டேன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊத்தினேன். பிரேக்கு புடிச்சுது. புடிச்சுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆடி மாசம், வெங்காயம் புடுங்கிட்டு பொழுது சாயற நேரம். பின்னால பொம்பளையாளுக ஒன்பது பேரு. எல்லா ஊர்லயும் அப்படித்தான், லோடு வண்டிலதான் ஆளுகளக் கூட்டிட்டு வருவோம், கொண்டு போய் விடுவோம். ஓடைப் பாலத்துக்கு எறங்கற எறக்கம். பிரேக்க மிதிச்சா கால் அடிவரைக்கும் போயிருச்சு. ரெண்டாவது மிதி, அதுவும் போச்சு. மூணாவது கியர்ல இருந்து ரெண்டுக்குத் தள்ளி, கைப்பிரேக்க இழுத்து, பாலத்துச் சுவத்துக்குப் போகாம இடது பக்கம் மணல் மேட்டுல ஏத்தினேன். வண்டி ஒருக்கா தூக்கிப் போட்டு நின்னுது.

ஒருத்தரும் சாகல. இத எழுதறப்ப இப்பவும் கை நடுங்குது. கடைசி ஊட்டு அக்காவுக்கு மட்டும் மணிக்கட்டு ஒடஞ்சுது. எனக்கு மூத்தவங்க, எங்கய்யன் காலத்துல இருந்து எங்க தோட்டத்துக்கு வர்றவங்க. தாராபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப அழுகவும் இல்ல, திட்டவும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "ஏஞ்சாமி, மாடு மெரண்டா மூக்கணாங்கவுத்தப் புடிக்கலாம். இதுக்கு எதப் புடிக்கறது?"

வைத்தியச் செலவு, மூணு மாசக் கூலி நான்தான் குடுத்தேன். அது கணக்கு. ரெண்டாயிரம் ரூபாய மிச்சம் புடிக்கப் போய் ஒன்பது குடும்பத்த நடுத்தெருவுல விடப் பார்த்தேங்கறது கணக்குல வராது.

லோடு வண்டியோட பொட்டில ஆளு ஏத்தறதுக்குச் சட்டத்துல எடமில்ல. அடிபட்டா இன்சூரன்ஸ் பணத்துக்குக் கோர்ட்டுப் படி ஏறணும். இது எனக்கு முன்னமே தெரியும். தெரிஞ்சேதான் 13 வருஷம் ஏத்தினேன்.

சரி, வண்டிக் கதைக்கு வர்றேன்.

ஆடில புது வண்டி எடுக்க மாட்டாங்க, எங்கூட்டம்மா ஒத்துக்கவும் மாட்டா. அதனால ஆடி முழுக்க விசாரிச்சுக்கிட்டே இருந்தேன். இதுக்கு நடுவுல சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி கொறையப் போகுதுன்னு பேச்சு வந்துது. பொறுத்திருந்தேன். 2025 செப்டம்பர் 22-ந் தேதி 28 சதவீதத்துல இருந்து 18 சதவீதம் ஆச்சு. பொறுத்ததுக்குப் பலன் இருந்துது.

பையன் மொதல்ல போன்ல ஒரு போட்டோ அனுப்பினான். முன்னால அஞ்சு பேர் உக்கார்ற சீட்டு, பின்னால தொட்டி, ஆளு உசரத்துக்கு டயர். இசுசு, டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிங்க. "அப்பா, இதுல குடும்பமும் போலாம், லோடும் போலாம், பின்னால கொக்கி மாட்டி ட்ரெய்லரும் இழுக்கலாம்"னான். இசுசு நம்ம பக்கத்துல ஆந்திரா ஸ்ரீசிட்டிலயே செய்யறாங்களாம். நல்ல வண்டிங்கதான், இல்லைங்கல. ஆனா அந்தக் காசுக்கு எங்கள மாதிரி ஆளுக மூணு சின்ன வண்டி வாங்கலாம். அதுவுமில்லாம அந்தத் தொட்டில வெங்காய மூட்டை அடுக்கினா எத்தனை நிக்கும்? சைடுக் கதவு தெறக்காது. தக்காளிப் பொட்டிய தலைக்கு மேல தூக்கிப் போடணும். சினிமாவுல நல்லாருக்கும், மண்டில நிக்கறப்ப நல்லாருக்காது.

"சரி, கொக்கியாவது மாட்டலாமே"ன்னான். அது என் ஆசையும்தான், மறைக்கல. மேக்காட்டுத் தென்னம்பிள்ளைக்குக் கோடைல தண்ணி கொண்டு போகணும். ஒவ்வொரு தடவையும் பக்கத்துத் தோட்டத்து டிராக்டருக்கு மணிக்கு ஆயிரம் ரூபாய் குடுக்கறேன். ரெண்டு சக்கரத்துல ஒரு 2,000 லிட்டர் தண்ணித் தொட்டி செஞ்சு, புது வண்டில மாட்டி இழுத்துட்டா என்னன்னு ஒரு நெனப்பு.

ஒர்க்ஷாப்புத் தம்பிகிட்டக் கேட்டேன். அவன் சிரிக்கல, உக்கார வெச்சு கணக்குச் சொன்னான். 2,000 லிட்டர் தண்ணின்னா 2,000 கிலோ. இரும்புத் தொட்டி, அச்சு, சக்கரம் சேர்ந்து 500 கிலோவாவது வரும். ஆக ரெண்டரை டன். இழுக்கற வண்டியோட வெறும் எடை அதுல பாதிதான். "ஏத்தத்துல இழுத்துரும்ணா, கிளட்ச் தேஞ்சாலும் இழுத்துரும். எறக்கத்துல என்ன பண்ணுவீங்க? பின்னால இருக்கற ரெண்டரை டன் உங்களத் தள்ளும். அந்தத் தொட்டிக்குத் தனியா பிரேக்கு இல்ல. ஓடைப் பாலம் ஞாபகம் இருக்குதில்ல?"

அதுக்கு மேல பேச்சில்ல. டிராக்டர் ஏன் இழுக்குதுன்னா அதோட எடையே பின்சக்கரத்து மேல உக்காந்திருக்கு, கியரும் நடையும் மெதுவா இழுக்கறதுக்குன்னே செஞ்சது. நம்ம ஊர் பிக்கப்பு வேற சாதி. அது முதுகுல சொமக்கற கழுதை, ஏர்ல பூட்டற எருது இல்ல. ஆர்சி புக்குலயும் ட்ரெய்லர் இழுக்கலாம்னு எழுதியிருக்காது. எழுதாததச் செஞ்சுட்டு அப்புறம் இன்சூரன்ஸ்காரனக் கொற சொல்லக் கூடாது.

அதனால 1,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க்க வண்டி மேலயே வெச்சுக் கட்டறதுன்னு முடிவு பண்ணினேன். ஒரு பிள்ளைக்கு 30 லிட்டர், 60 பிள்ளைக்கு 1,800 லிட்டர், ரெண்டு நட. ஒரு விசயம்: டேங்க்க ரொப்பிட்டுப் போகணும், இல்லாட்டி காலியாப் போகணும். பாதித் தண்ணியோட வளைவுல திரும்பினா தண்ணி ஒரு பக்கமாச் சாஞ்சு வண்டியவே சாய்க்கும். காட்டுக்குள்ள மெதுவாத்தான் போறோம்னாலும் இது மனசுல இருக்கணும்.

இழுக்கற கதை முடிஞ்சுது. அடுத்தது எத்தனை டன்னு.

ஷோரூம்ல நிக்கற தம்பிக எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவாங்க. "அண்ணா, ஒண்ணே முக்கால் டன்னுதான் புத்தகத்துல, ஆனா ரெண்டரை ஏத்தினாலும் அசையாது." எந்தக் கடைன்னு கேக்காதீங்க, நான் போன கடைல எல்லாம் கேட்ட பேச்சு. எங்கய்யன் கண்ணபுரம் சந்தைல மாடு வாங்கறப்ப சுழி பார்ப்பாரு, பல்லப் பார்ப்பாரு, கொஞ்ச தூரம் நடக்க விட்டுக் குளம்பு பதியறதப் பார்ப்பாரு. அதுக்கப்புறம்தான் துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சு வெல பேசுவாரு. வித்தவன் சொன்ன சொல்ல மட்டும் கேட்டு அவரு ஒரு மாடும் புடிச்சதில்ல.

நானும் பல்லப் பார்க்கலாம்னு ஊட்டுக்கு வந்து மண்டிச் சீட்டுகள எடுத்தேன். எங்கூட்டம்மா ஒவ்வொரு மண்டிச் சீட்டையும் கம்பில குத்தி வெச்சிருப்பா. 2024 தை மொதல் மார்கழி வரைக்கும் ஒரு வருசத்துச் சீட்டு. ரெண்டு பேரும் ராத்திரி உக்காந்து நோட்டுல எழுதினோம். மொத்தம் 148 நட. அதுல முக்கால் டன்னுக்குள்ள 96 நட. முக்கால்ல இருந்து ஒண்ணேகால் டன் வரைக்கும் 38. ஒண்ணேகாலுக்கு மேல வெறும் 14.

நோட்ட ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே இருந்தோம். நான் வருசம் பூரா பெரிய லோடு அடிக்கறதா நெனச்சிட்டிருந்தேன். 14 நாள் சிரமப்பட்டது மனசுல நின்னிருக்கு, 96 நாள் சும்மா போனது நிக்கல.

அப்புறம் காசுக் கணக்கு. வாடகை வண்டிக்கு ஒரு நடைக்கு 2,200 ரூபாய். திரும்ப முக்கால் டன் வண்டியே வாங்கினா, 38-ம் 14-ம் சேர்த்து 52 நடைக்கு வாடகை வண்டி வேணும், வருசத்துக்கு 1,14,400 ரூபாய். இல்லாட்டி பழையபடி ஓவர்லோடு ஏத்தணும். அந்தப் புத்தி எனக்கு ஆடியோட போச்சு. ஒண்ணேகால் டன் வாங்கினா 14 நடைக்கு மட்டும் வாடகை, 30,800 ரூபாய். ஒண்ணே முக்கால் வாங்கினா வாடகை அநேகமா இல்ல, ஆனா வண்டி விலை ரெண்டரை லட்சம் கூட. அந்த ரெண்டரை லட்சத்துக்கு வட்டியும் அசலும் மாசம் 5,400 ரூபாய்க்கு மேல, வருசத்துக்கு 65,000. முப்பதாயிரத்த மிச்சம் புடிக்க அறுபத்தஞ்சாயிரம் கட்டணுமா? டீசலும் கூடத்தான் குடிக்கும்.

எங்கூட்டம்மா நோட்ட மூடி வெச்சுட்டுச் சொன்னா: "ஏனுங்க, வண்டி நமக்கு ஓடணும். நாம வண்டிக்கு ஓடக் கூடாது."

அப்படித்தான் ஒண்ணேகால் டன்னுன்னு முடிவாச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும். புத்தகத்துல போட்டிருக்கற எடை வேற, நாம ஏத்தக்கூடிய எடை வேற. ஆர்சி புக்குல ரெண்டு எடை இருக்கும். ஒண்ணு வண்டியோட வெறும் எடை, இன்னொண்ணு சரக்கு, ஆளு எல்லாஞ்சேர்ந்து வரலாம்னு வெச்சிருக்கற மொத்த எடை. ரெண்டையும் கழிச்சு வர்றதுல டிரைவர், பக்கத்துல உக்கார்றவர் எடையும் அடக்கம். அதுக்கு மேல நாம இரும்புல கூண்டு கட்டினா, மேல கம்பி போட்டா, தார்ப்பாய், கயிறு, ரெண்டாவது ஸ்டெப்னின்னு வெச்சா அந்த எடையும் சரக்குல இருந்துதான் கொறையும். ஒரு கிரேட்டுத் தக்காளி 25 கிலோன்னா, 100 கிலோ கூண்டு நாலு கிரேட்ட எப்பவும் தின்னுக்கிட்டே இருக்கும். அதனால கூண்ட எளசாக் கட்டினேன்.

மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருந்தா சரக்கு வண்டிக்குப் பர்மிட்டு வேண்டாம். இது ஒரு நிம்மதி. லைசென்ஸு பத்தியும் ஒரு பயம் இருந்துது. எங்கிட்ட இருக்கறது கார் ஓட்டற லைசென்ஸு. 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிய அதே லைசென்ஸுல ஓட்டலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிக பெஞ்சும் அதையே உறுதி பண்ணிருச்சு. எஃப்சி புது வண்டிக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, எட்டு வருசத்துக்கு மேல வருசா வருசம். ஓவர்லோடுல புடிச்சா 20,000 ரூபாய் அபராதம், அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 2019 சட்டத்துல இருந்து இப்படித்தான். ஒரு லோடு தக்காளி வித்தாலும் பல நாள் அந்த இருபதாயிரம் வர்றதில்ல.

டீசலா, கேஸா, கரண்டான்னு ஒரு கேள்வி. சிஎன்ஜி பங்கு எங்க பக்கத்துல இல்ல. கரண்டு வண்டி எனக்கு ஆசைதான். ஆனா தோட்டத்துல இருக்கறது விவசாய எலவசக் கரண்டு. அது தண்ணி எறைக்க மட்டும்தான், அதுல வண்டிக்கு சார்ஜ் போடறது தப்பு. ஊட்டு லைன்ல போடலாம், எங்கூர்ல கரண்டு போற போக்குல விடியக்காலம் மூணு மணிக்கு மண்டிக்குக் கெளம்பறவனுக்குத் தைரியம் வரல. அதனால டீசல்.

2020 ஏப்ரல்ல இருந்து வர்றதெல்லாம் பிஎஸ்6 வண்டி. இதுல புகைக் குழாய்க்குள்ள கரிய வடிகட்டற சாமான் வர்ற வண்டிகள, தெனமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி ஓட்டி நிறுத்தினா அது அடைச்சுக்கும். அப்பப்ப நல்ல ரோட்டுல கொஞ்ச நேரம் நிறுத்தாம ஓட்டி சூடேத்தணும். எனக்கு மண்டி ஓட்டம் இருக்கறதால பிரச்சினை இல்ல. தோட்டத்துக்கும் ஊட்டுக்கும் மட்டும் ஓட்டறவங்க இதக் கேட்டுக்கிட்டு வாங்கணும். பெரிய வண்டிகள்ல யூரியாக் கரைசல் ஊத்தறதுக்குத் தனி டேங்க் இருக்கும். அது கடைல விக்கற சுத்தமான கரைசல். நம்ம பயிருக்குப் போடற யூரியாவக் கரைச்சு ஊத்தக் கூடாதுங்க. எங்க பக்கத்துல ஒருத்தரு அதையும் யோசிச்சாரு!

அப்புறம் எங்கூட்டம்மாவ ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். தம்பிக டீ குடுத்து உக்கார வெச்சாங்க. அவ உக்காரல. நேரா வண்டியோட பொட்டிகிட்டப் போய், இடுப்ப ஒட்டி நின்னு பார்த்தா. ஒரு வண்டி இடுப்புக்கு நேரா இருந்துது, இன்னொண்ணு நெஞ்சு வரைக்கும் வந்துது. "நெஞ்சு உசரத்துக்குப் பொட்டி தூக்கறது யாரு, நீங்களா?"ன்னு கேட்டா. விக்கற தம்பிகிட்டப் பதில் இல்ல. எஞ்சின் எத்தனை குதிரைன்னு நான் கேட்டுக்கிட்டிருந்தேன். நூறு பொட்டி தூக்கறவ தூக்கற உசரத்தக் கேட்டா. மூணு பக்கமும் கதவு தெறக்குதான்னும் தெறந்து மூடிப் பார்த்தா.

இன்னொரு சோதனை எங்க இட்டேரி. இட்டேரின்னா ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல வண்டித் தடம். எங்க தோட்டத்துக்குப் போற இட்டேரில ஒரு முக்கு இருக்கு, ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, எங்கப்பாரு காலத்து வேலி. மாட்டு வண்டிக்குன்னு விட்ட தடம். டேப் வெச்சு அளந்துட்டுப் போய், ஷோரூம்ல வண்டியோட அகலம், நீளத்தக் கேட்டு எழுதிக்கிட்டேன். பெரிய வண்டி அந்த முக்குல ஒரே திருப்புல திரும்பாது. வேலிய வெட்டணும். வெட்டினா அந்தப் பக்கம் பங்காளி நிலம். வண்டி வாங்கப் போய் வழக்கு வாங்கக் கூடாதில்லீங்களா?

ஓட்டிப் பார்க்கறப்ப வெறும் வண்டியக் குடுத்தாங்க. வெறும் வண்டி எல்லாமே நல்லாத்தான் ஓடும். "லோடோட ஓட்டிப் பார்க்கணும்"னேன். மொதல்ல மொகஞ் சுளிச்சாங்க. அப்புறம் ஒரு கடைல மட்டும் ஒத்துக்கிட்டாங்க. பக்கத்துல ஒரு சிமெண்ட்டுக் கடைல கேட்டு, அவங்களுக்கு எறக்க வேண்டிய 20 மூட்டைய ஏத்தினோம், சரியா ஒரு டன். ஆளில்லாத ரோட்டுல 40-ல போய் பிரேக்கடிச்சேன். ஒருக்கா இல்ல, ஆறு ஏழு தடவை. பக்கத்துல உக்காந்திருந்த தம்பி, "அண்ணா, பிக்கப்பு பார்க்க மாட்டீங்களா, மைலேஜு கேக்க மாட்டீங்களா, பிரேக்கையே அடிச்சிட்டிருக்கீங்க?"ன்னான். அவனுக்கு என்னத்தச் சொல்றது.

கடைசில எடுத்தது அசோக் லேலண்ட் தோஸ்து. ஒண்ணேகால் டன் வகை. நம்ம ஓசூர்ல செய்யற வண்டி. தோஸ்துன்னா இந்தில நண்பன்னு அர்த்தமாம். இதுதான் ஒசத்தி, மத்ததெல்லாம் மட்டம்னு சொல்ல வரல. எங்க பக்கம் டாடா ஏஸத்தான் குட்டி யானைன்னு சொல்வாங்க. 2005-ல அது வந்தப்பறம்தான் சின்ன விவசாயி தன் சரக்கத் தானே மண்டிக்குக் கொண்டு போக ஆரம்பிச்சான், அது உண்மை. மலைப் பக்கம் ஒண்ணே முக்கால் டன் ஏத்தறவங்க மகிந்திரா பொலிரோ பிக்கப்ப விட மாட்டாங்க. உங்க சீட்டு, உங்க இட்டேரி, உங்கூட்டம்மா இடுப்பு, இது மூணும் என்ன சொல்லுதோ அதுதான் உங்க வண்டி.

கடன் வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. கூண்டு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 8,70,000 ரூபாய் ஆச்சு. கைல 2,70,000. அது எப்படின்னா வெங்காயக் காசு 1,10,000, எங்கூட்டம்மா சீட்டுப் பணம் ஒரு லட்சம், பழைய வண்டி 60,000. (பழைய வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டர், லைனிங் எல்லாம் புதுசு போட்டு, நடந்ததச் சொல்லித்தான் வித்தேன்.) மீதி ஆறு லட்சம் கடன். ஒரு பைனான்ஸ்காரரு "வெறும் 7 சதவீதம்"னாரு. பேங்க்குல 11 சதவீதம். யாரா இருந்தாலும் ஏழுக்குத்தான் போவோம். ஆனா அந்த ஏழு பிளாட் வட்டி. நாம அசலக் கட்டக் கட்ட அது கொறையாது, அஞ்சு வருசமும் முழு ஆறு லட்சத்துக்கும் வட்டி போடுவாங்க. மாசம் 13,500. பேங்க்குல பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி, மாசம் 13,045. அஞ்சு வருசத்துல 27,300 ரூபாய் வித்தியாசம். அந்த ஏழ பேங்க்குக் கணக்குல பார்த்தா பன்னண்டரை சதவீதம் வருது. பத்தாவது வரைக்கும் படிச்ச எனக்கு இது புரியறதுக்கு பையன்கிட்ட ரெண்டு நாள் போன்ல கேட்க வேண்டியிருந்துது. அதனால வட்டி எத்தனைன்னு கேக்காதீங்க. "மாசம் எவ்வளவு, எத்தனை மாசம்?" அப்படின்னு கேட்டுப் பெருக்கிப் பாருங்க. போதும்.

கார்த்திகைல வண்டி வந்துது. மாரியம்மன் கோயில் முன்னால சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு எடுத்தோம்.

ஆளுகள இப்ப வண்டில ஏத்தறதில்ல. எங்கூருக்கு காலைல ஏழே முக்காலுக்கு டவுன் பஸ்ஸு. பொம்பளைகளுக்கு டிக்கெட்டு இல்ல. முன்னெல்லாம் ஏழு மணிக்கே காட்டுல நிக்கணும்னு நாங்கதான் வண்டில அள்ளிட்டு வருவோம். இப்ப வேலை நேரத்த பஸ்ஸு நேரத்துக்கு மாத்திட்டேன். ஒரு மணி நேரம் போகுது. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க, "இப்படிப் பழக்கினா நாங்களும் மாத்தணுமே"ன்னு சலிச்சுக்கிட்டாங்க. மாத்தட்டும்.

போன வாரம் முருங்கை வேலைக்கு கடைசி ஊட்டு அக்கா வந்தாங்க. ஆடிக்கு அப்புறம் இப்பத்தான் எங்க தோட்டத்துக்கு வர்றாங்க. கை முழுசா மடங்கறதில்ல, காய் ஒடிக்க வேண்டாம், கட்டு மட்டும் போடுங்கன்னு சொன்னேன். கேக்கல, காய் ஒடிச்சாங்க. சாயந்தரம் பஸ்ஸுக்கு நடக்கறப்ப வண்டிகிட்ட நின்னாங்க. அந்தக் கையாலயே பொட்டியத் தடவிப் பார்த்தாங்க.

"புதுசா சாமி?"

"ஆமாங்க்கா."

"பிரேக்கு புடிக்குதா?"

"புடிக்குதுங்க்கா."

"பார்த்துக்க. புடிக்கறப்பவே பார்த்துக்க"ன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாப்பப் பார்த்து நடந்தாங்க.

டேஷ்போர்டுல இப்ப பிரேக் ஆயில் டப்பா இல்லீங்க. ஒரு நோட்டு இருக்கு. எந்தத் தேதில எதை மாத்தினேன், அடுத்தது எப்பன்னு எழுதி வெச்சிருக்கேன். எழுதறது எங்கூட்டம்மா. நான் எழுதினா தள்ளிப் போட்டுருவேன்னு அவளுக்குத் தெரியும்.